இன்னொரு தடவை சொல்லுங்க, சேர்!

வகுப்பறைப் பாடத்தைக் கைபேசியில் பதிவுசெய்யலாமா? ஊவாவின் தோட்டப்புறத்தில் இந்தக் கேள்விக்கு நகரத்தில் இல்லாத கனம் உண்டு

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பதுளை மாவட்டம், லுணுகலை. வனப் பகுதிக்குள், மலையுச்சியில், நிலத்திலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் ஒரு மரவீடு. பிள்ளைகளுக்குத் துணையாகப் பெரியவர்களும் மலையேறி வந்திருக்கிறார்கள். முறைவைத்து ஒவ்வொருவராக மேலே போகிறார்கள். சிக்னல் கிடைத்ததும் எழுதி முடித்த வீட்டுவேலை போய்ச் சேருகிறது, ஆசிரியர் அனுப்பிவைத்த பாடம் கைபேசிக்குள் இறங்குகிறது. அடுத்த பிள்ளைக்கு இடம்விட வேண்டும். அதே மாதங்களில், கொழும்பிலிருந்து கிழக்கே 160 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பொஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்தில் ஓர் ஆசிரியையும் நாற்பத்தைந்து பிள்ளைகளும் சிறுத்தையும் யானையும் நடமாடும் புதர்க்காட்டைக் கடந்து மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஏறிப்போய் இதையேதான் செய்தார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எடுத்த படங்கள் உலகமெங்கும் சுற்றின.

படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் தொலைபேசிக் கோபுரங்களைப் பற்றிப் பேசினார்கள். பேசவேண்டிய விடயம்தான். ஆனால் அந்தப் படங்களுக்குள் இருந்த இன்னொரு செய்தி அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லை. மரவீட்டில் எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து வகுப்புக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, நேரடி வகுப்புக்குத் தேவையான தடையில்லாத இணைப்பும் மணிக்கணக்கில் உட்கார இடமும் அங்கே எங்கே? பிள்ளைகள் எடுத்துக்கொண்டு இறங்கியது சேமித்துவைத்த பாடத்தை. அதை லயத்துக்குக் கொண்டுபோய், விளக்கு எரிகிற நேரத்தில், வேண்டியபோது பார்க்கலாம், கேட்கலாம். நேரடி ஸூம் வகுப்பு நகரத்துக்குக் கிடைத்தது. மலைக்குக் கிடைத்தது பதிவு மட்டும்.

பாடசாலைகள் வழமைக்குத் திரும்பியதும் கைபேசி மறுபடியும் குற்றப்பொருள் ஆகிவிட்டது. மாணவர்கள் அதைப் பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது பழைய விதி. தனியார் வகுப்புகளில் பதிவுசெய்யும் பிள்ளை வெளியே அனுப்பப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் அது விரிவுரையாளரின் மனநிலையைப் பொறுத்தது. இதற்கிடையில், 2024இல் பாடக்குறிப்புகளை வாட்ஸ்அப் வழியே அனுப்புவதை நிறுத்துமாறு கல்வித்துறை ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது. அச்செடுக்கும் செலவு பெற்றோர் தலையில் விழுகிறது என்ற முறைப்பாடு அதற்கொரு காரணம். இத்தனை தடைக்கும் அதனதன் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதோ, பாடத்தை இரண்டாம் முறை கேட்கும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டிருப்பது தெரிகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் சுருக்கமானது: ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் பாடத்தைப் பதிவுசெய்வதைத் தடுக்கக் கூடாது, முறைப்படுத்த வேண்டும். பதிவு மாணவரின் கள்ளத்தனமாக இருப்பதை விடுத்துப் பாடசாலையின் சொத்தாக வேண்டும்.

மூன்று தடவையும் ஒரு தடவையும்

நகரத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒரே பாடத்தை எத்தனை தடவை கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாடசாலையில் ஒரு தடவை. மாலையில் டியூஷனில் இன்னொரு தடவை. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் மீட்டல் கருத்தரங்கில் மூன்றாம் தடவை. வீட்டில் படித்த அக்காவோ அண்ணனோ இருந்தால் நாலாவது. மடூல்சீமையிலோ நமுனுகுலயிலோ லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தப் பாடம் ஒரே தடவைதான் நடக்கிறது. அன்று மழை பெய்து பாதை சறுக்கினால், தம்பிக்குக் காய்ச்சல் வந்து அம்மா கொழுந்துக்குப் போயிருந்தால், அந்த ஒரு தடவையும் இல்லை. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகள் மாகாணத்தில் சிலவே. அவையும் பெரும்பாலும் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களைச் சுற்றி இருக்கின்றன. நகரத்துக்குப் பஸ் ஏறி வரும் பிள்ளை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க மாலை வகுப்பின் பாதியில் எழுந்துபோக வேண்டும். அந்த மீதிப் பாதியை யார் சொல்லிக்கொடுப்பது?

பாடநாட்களை விழுங்குவதில் இந்த மலைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருமழைக்கும் மண்சரிவு எச்சரிக்கை, இடம்பெயர்வு, பாடசாலைக் கட்டடத்தில் தற்காலிக முகாம் என்பது பழகிப்போன வரிசை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. பாதை துண்டிக்கப்பட்ட தோட்டத்தில் பாடசாலை திறக்கும்வரை பிள்ளை செய்யக்கூடியது, கையிலுள்ள கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது மட்டும்தான். அந்தக் கொப்பியில் கரும்பலகையிலிருந்து பாதி எழுதி, மணியடித்து நின்றுபோன ஒரு வரி இருக்கும்.

தொலைக்காட்சி இந்த இடைவெளியை நிரப்பும் என்று 2020இல் நம்பினார்கள். தமிழில் நேத்ரா அலைவரிசையில் ‘குருகுலம்’, சிங்களத்தில் ‘குரு கெதர’ என்று நிகழ்ச்சிகள் வந்தன. நல்ல முயற்சி. ஆனாலும் ஒளிபரப்பும் ஒரே தடவை நிகழ்வதுதான். குறிப்பிட்ட மணிக்கு மின்சாரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஓய்வாயிருக்கும் பிள்ளையும் ஒன்றுசேர வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது அந்தச் சேர்க்கை எத்தனை வீட்டில் அமைந்திருக்கும்? கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்களும் இருக்கின்றன. அதற்கோ இணையம் வேண்டும். 2021இல் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின், நாட்டின் 43 லட்சம் மாணவர்களில் 40 சதவீதத்தினர் மட்டுமே இணையவழி வகுப்பில் பங்குகொள்ள முடிவதாக மதிப்பிட்டார். கணினி அறிவு பற்றிய தொகைமதிப்புத் திணைக்களத்தின் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவில் தோட்டம் எப்போதும் கடைசியில் நிற்கிறது. அந்த 40 சதவீதத்துக்குள் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை.

பெட்டிச் செய்தி: அந்த இரண்டு ஆண்டுகள்

2020 மார்ச்: கொரோனாவால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்படுகின்றன.
2021 மார்ச்: தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானி வெளியாகிறது. அதே காலத்தில்தான் வீட்டுக்கொரு திறன்பேசியும் மாதாமாதம் டேட்டா ரீலோடும் கல்விச் செலவில் சேர்ந்தன.
2021 ஜூலை 12: சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணிக்கிறார்கள். ஒக்டோபர் 25இல் பணிக்குத் திரும்புகிறார்கள்.
2022 மார்ச் முதல் மே வரை: டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் போகிறது. இறக்குமதிப் பொருளான கைபேசியின் விலையும் கூடவே ஏறுகிறது.

பதிவு இருந்தால் பிள்ளை கேட்குமா?

முதல் எதிர்வாதம் ஆசிரியர் அறையிலிருந்து வரும். பதிவு கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை வகுப்பில் கவனிக்காது, எழுதாது, பிறகு பார்க்கலாம் என்று போட்டுவிட்டு ஒருபோதும் பார்க்காது. இதில் உண்மை இருக்கிறது. விரிவுரைப் பதிவுகள் பற்றி உலகமெங்கும் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன: வகுப்புக்கு வந்து, அதற்குமேல் பதிவையும் கேட்பவருக்கு அது உதவுகிறது, வகுப்புக்குப் பதிலாகப் பதிவை நம்புகிறவர் பின்தங்குகிறார். அப்படியானால் யாருக்கு அதிகம் உதவுகிறது? 2013இல் வெளியான பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வொன்று, பதிவுகளை மிக அதிகமாகப் பயன்படுத்திய சிறு குழுவில் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் முக்கியமானவர்கள் என்று கண்டது. முதல் தடவையில் பிடிபடாமல் போகும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டிலேயே, மாற்றுத்திறன் மாணவர் கற்பதற்குத் தடையாக அமையும்படி வகுப்பில் டேப் ரெக்கோர்டரைத் தடைசெய்யக் கூடாது என்று விதி எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்குமுன் கசெட்டுக்குக் கிடைத்த நியாயம் அது.

எழுதாமல் விடுவது பற்றிய கவலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2014இல் முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்கள் விரிவுரையை வார்த்தைக்கு வார்த்தை இறக்கிவைக்கிறார்கள், கையால் எழுதுகிறவர்கள் சுருக்கிச் சிந்தித்து எழுதுகிறார்கள், ஆகவே கருத்துக் கேள்விகளில் கையெழுத்துக்காரர்கள் மேல் என்றது. அதே சோதனையைப் பின்னர் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது முடிவு அவ்வளவு பலமாக வரவில்லை. அதைவிட, அந்த ஆய்வு குறைசொல்வது கருவியையா, யோசிக்காமல் நகலெடுக்கும் வேலையையா? நகலெடுப்புத்தான் குற்றம் என்றால், நமது வகுப்பறைகள் அதை எந்தக் கருவியும் இல்லாமலேயே செய்துவருகின்றன. ஆசிரியர் நோட்ஸ் சொல்ல, நாற்பது பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிற பாடவேளையில் கேள்வி கேட்க நேரம் ஏது? துணைநூலும் நகலெடுக்கும் இயந்திரமும் இல்லாத பாடசாலையில் நாற்பது நிமிடத்தின் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது. விளக்கம் பதிவில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம் வந்தால், அந்த நேரத்தில் ஒரு பகுதி கேள்விக்குத் திரும்பிவரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச்சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதிய காலத்தில், எழுதுவதைவிட்டால் பிரதிக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

ஆசிரியரின் அச்சம்

இரண்டாவது எதிர்வாதத்துக்கு இவ்வளவு இலகுவாகப் பதில் சொல்லிவிட முடியாது. வகுப்பறையில் கைபேசி உயர்ந்தால் ஆசிரியருக்குக் குளிர் எடுக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் ஒரு வார்த்தை தடுக்கினால் அந்த ஏழு விநாடியை மட்டும் வெட்டி, பாட்டுச் சேர்த்து, டிக்டொக்கில் போட்டுவிட ஒரு பிள்ளை போதும். ஆசிரியை எந்தச் சேலை உடுத்தினார், எப்படி நின்றார் என்று முகநூலில் பொழிப்புரை எழுத ஆள் இருக்கிறது. மாணவிகளின் முகமும் அந்தச் சட்டத்துக்குள் விழுகிறது. முகத்தைப் பெயர்த்து வேறு உடலில் ஒட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கும் காலம் இது. ஒரு தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளையின் படம் அப்படிச் சுற்றினால் அவளது படிப்பு அன்றோடு முடிந்துவிடக்கூடும். இதையெல்லாம் ‘முன்னேற்றத்துக்கு எதிரான மனப்பான்மை’ என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு வாரம் அந்த வகுப்பின் முன்னால் நின்று பார்க்கட்டும்.

ஆனால் இந்த அச்சங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஒளிப்பதிவைப் பற்றியவை, அல்லது களவாக எடுக்கும் பதிவைப் பற்றியவை. ஆசிரியரின் சம்மதத்தோடு, அவர் மேசையிலேயே வைத்த கருவியில், அவர் தொடக்கி அவர் நிறுத்தும் ஒலிப்பதிவு இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடம் கொடுக்காது. சேலை தெரியாது, மாணவியின் முகம் தெரியாது. திட்டிய இடத்தையும் தவறிய இடத்தையும் வெளியிடுமுன் அவரே நீக்கலாம். கேள்வி கேட்கும் பிள்ளையின் குரல் பதிவாகும் என்பது உண்மை. கேள்வி நேரத்தில் கருவியை நிறுத்திவைத்தால் அதுவும் தீரும். ஒலியில் கரும்பலகை தெரியாதே என்பார்கள். பாடம் முடிந்ததும், பிள்ளைகள் யாரும் படத்துக்குள் இல்லாமல், பலகையை மட்டும் இரண்டு படம் எடுத்தால் போதும். 1961 முதல் 1963 வரை கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் நடத்திய பௌதிகவியல் விரிவுரைகள் உலகப் புகழ்பெற்ற நூலானது இந்த வழியில்தான்: ஒலிநாடாவும் பலகையின் புகைப்படங்களும்.

மேற்பார்வை என்ற அச்சமும் சொல்லப்படாமல் இருக்கிறது. பதிவு வலயக் கல்விப் பணிமனைக்குப் போனால் ஆசிரிய ஆலோசகர் அதைக் கேட்டுக் குறிப்பெழுதுவார், இடமாற்றத்துக்கு அதுவே காரணமாகும் என்ற பயம். தோட்டப் பாடசாலைகளில் பலர் தொண்டராகவும் உதவி ஆசிரியராகவும் குறைந்த கொடுப்பனவில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து நிரந்தரமானவர்கள். அவர்களுடைய பாடத்தைத் தண்டனைக்கான சாட்சியாக்கும் எந்த ஏற்பாடும் முதல் வாரத்திலேயே தோற்கும், தோற்கவும் வேண்டும். பதிவு மாணவருக்கு மட்டுமே, ஆசிரியரை மதிப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மாகாணக் கல்வித் திணைக்களம் எழுத்தில் தரவேண்டும். வாய்வார்த்தை போதாது.

டியூட்டரியின் கணக்கு வேறு

தனியார் வகுப்பில் இந்தக் கேள்வி பணத்தோடு பிணைந்திருக்கிறது. 2020க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்தபடி ஸூமில் உயர்தரம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் பதுளைப் பிள்ளைகளுக்கும் எட்டினார்கள். தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காத ஊருக்கு இது மெய்யாகவே நல்ல திறப்பு. அவர்களே வகுப்பைப் பதிவுசெய்து, கட்டணம் கட்டியவருக்குச் சில நாட்கள் மட்டும் திறந்துவைக்கிறார்கள். அதே பதிவு களவாக எடுக்கப்பட்டு டெலிகிராம் குழுக்களில் சிறு விலைக்கோ சும்மாவோ வந்துவிடுகிறது. ஆசிரியர் கொதிப்பது நியாயம். அவருடைய உழைப்பு அது. வாங்கும் பிள்ளையின் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் அந்தப் பக்கத்தையும் முழுதாக வெறுக்க முடியவில்லை. ஆனாலும் களவுப் பதிவை ஏழைகளின் உரிமை என்று நியாயப்படுத்துவதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. கட்டணம் கட்டும் பிள்ளைகள் குறைந்தால் அந்த ஆசிரியர் வகுப்பை நிறுத்துவார், அடுத்த ஆண்டு களவாக எடுக்கவும் பாடம் இருக்காது.

இந்த இரண்டு இடங்களையும், பாடசாலையையும் டியூட்டரியையும், ஒரே விதியால் அளப்பதுதான் இன்றைய குழப்பத்தின் வேர். டியூஷன் ஆசிரியர் தன் விரிவுரையை விற்கிறார். பாடசாலை ஆசிரியருக்கு மக்களின் வரிப்பணம் சம்பளம் கொடுக்கிறது. சட்டமும் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே வைத்திருக்கிறது.

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் (பிரிவு 6): உரை, விரிவுரை, பிரசங்கம் ஆகியவையும் பாதுகாக்கப்படும் படைப்புகள். எழுதிவைக்காமல் வாயால் சொன்னாலும் உரிமை உண்டு.
அதே சட்டம் (பிரிவு 11): கற்பித்தல், புலமை, ஆய்வு போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாடு உரிமை மீறல் ஆகாது. விற்பதும் ஊருக்கெல்லாம் பரப்புவதும் இதற்குள் அடங்கும் என்று வாதிடுவது கடினம்.
அதே சட்டம் (பிரிவு 14): வேலையின் பகுதியாக ஒருவர் உருவாக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலைகொடுத்தவருக்கு.
2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம்: சிறுவர் பற்றிய தரவு விசேட பாதுகாப்புக்குரிய வகையைச் சேர்ந்தது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டுவந்தது.

பிரிவு 14ஐ வாசிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. அரச பாடசாலையில் நடக்கும் பாடத்தின் பொருளாதார உரிமை அரசிடம் இருக்கிறது என்று வாதிட இடமிருந்தால், அதை அந்தப் பாடசாலையின் பிள்ளைகளுக்கே இரண்டாம் தடவை கேட்கக் கொடுப்பதில் அரசுக்கு என்ன நட்டம்?

தேயிலைமலையின் பல்கலைக்கழகம்

பதுளை நகரத்துக்கு வெளியே, பசறை வீதியில், 2005இல் தொடங்கப்பட்டது ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு வைத்திருக்கும் இடம். சுற்றிலும் கொழுந்து பறிக்கும் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தால் முதல் நாளே மோதுவது மொழியோடு. பதின்மூன்று ஆண்டு தமிழில் படித்துவிட்டு வந்தவருக்கு விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில். பக்கத்தில் சிங்கள மூலம் படித்துவந்த மாணவருக்கும் இதே நிலைதான். இங்கே இருவரும் ஒரே படகில். விரிவுரையாளர் ஒரு சொற்றொடரை முடிக்கும்போது மாணவர் அதன் முதல் சொல்லைத்தான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். அன்றிரவு விடுதியில் அதே விரிவுரையை வேகம் குறைத்து, நிறுத்தி, அகராதி பார்த்து, மறுபடி கேட்க முடிந்தால் முதல் தவணையில் விழும் பல பேர் விழாமல் இருப்பார்கள். இங்கே பதிவுக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட வலுவாகத் தெரியவில்லை. மாணவர் வயதுவந்தவர், வருகைப் பதிவு தனியே இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கற்றல் தளமும் இருக்கிறது. கொரோனா காலத்தில் லேர்ன் வலையமைப்பு வழியாக நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தரவுக் கட்டணமின்றி ஸூம் வகுப்பு நடந்தது, பதிவுகளும் தளத்தில் ஏறின. அப்போது முடிந்த காரியம் மண்டபத்துக்குத் திரும்பியதும் ஏன் முடியாமல் போகிறது என்பதற்குத் திருப்தியான விளக்கம் கேட்கக் கிடைக்கவில்லை.

பத்து மெகாபைட் பாடம்

“இதெல்லாம் சரி, எல்லாப் பிள்ளையிடமும் போன் இருக்கிறதா?” மூன்றாவது எதிர்வாதம் இது. இல்லைதான். பல வீடுகளில் இருக்கும் ஒரே திறன்பேசி கொழும்பில் வேலைசெய்யும் அப்பாவோடு போய்விடுகிறது. பிள்ளைகளைப் பதிவுசெய்யவிட்டால் போன் உள்ளவனுக்கு இரண்டு பாடம், இல்லாதவனுக்கு ஒன்று என்ற புதிய மேடுபள்ளம் உருவாகும். ஆகவேதான் பதிவுசெய்யும் கை பாடசாலையின் கையாக இருக்க வேண்டும் என்பது. கேட்பதற்கு விலைகூடிய கருவி தேவையில்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மெமரி கார்ட் போடக்கூடிய சாதாரண பட்டன் போன்கள் ஒலிக்கோப்பைப் பாடவைக்கும். அம்மா பக்திப்பாட்டுக் கேட்கும் அதே கருவியில் மகள் விஞ்ஞானம் கேட்கலாம்.

பெட்டிச் செய்தி: ஒரு பாடத்தின் எடை

பேச்சுக்குப் போதுமான தரத்தில் (விநாடிக்கு 32 கிலோபிட்) 40 நிமிட ஒலிப்பதிவு: ஏறக்குறைய 10 மெகாபைட்.
அதே பாடம் சாதாரணத் தெளிவில் (விநாடிக்கு 1.5 மெகாபிட்) ஒளிப்பதிவாக: ஏறக்குறைய 450 மெகாபைட்.
நாளுக்கு 8 பாடவேளை, ஆண்டுக்கு 210 நாள் என்று கொண்டால், ஒரு வகுப்பின் முழு ஆண்டு ஒலிப்பதிவு: 16 முதல் 17 ஜிகாபைட். 32 ஜிகாபைட் அட்டையில் பாதி காலியாகவே இருக்கும்.

இந்தக் கணக்கில் இணையமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும் மலைநாட்டின் இணைப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். வானத்திலிருந்து வரும் இணைப்புக்கும் மாதக் கட்டணம் இருக்கிறது, லயத்து வீடு அதைக் கட்டப்போவதில்லை. ஒலிக்கோப்பு புளூடூத்திலும் கார்டிலும் கைமாறும், ரீலோட் கேட்காது. வெள்ளிக்கிழமை பாடசாலை அலுவலகக் கணினியிலிருந்து பிள்ளைகள் அந்த வாரத்துப் பாடங்களை ஏற்றிக்கொண்டு போகலாம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அடுத்த இரண்டு வாரத்துக்குத் தேவையானதை, சென்ற ஆண்டுப் பதிவிலிருந்தே, முன்கூட்டிக் கொடுத்துவிடலாம். பெரிய செயற்றிட்டம் வேண்டாம். ஒரு பழைய கைபேசி, சட்டையில் மாட்டும் மலிவான மைக்கைவிடக் கொஞ்சம் நல்ல ஒன்று, தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியரின் வாரத்துக்கு ஒரு மணிநேரம். அந்த ஒரு மணிநேரத்தை அவருடைய நேரசூசியில் கழித்துக்கொடுக்க வேண்டும். மேலதிகச் சுமையாகத் தலையில் கட்டினால் இரண்டாம் மாதமே நின்றுவிடும்.

ஆசிரியரின் இடத்தில் ஒரு கருவி

கடைசி எதிர்வாதம் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது, அதை முன்வைப்பவர்கள் பதிவுக்கு எதிரிகளுமல்ல. பதிவு இருக்கிறதே, இனி ஆசிரியர் எதற்கு என்று ஒரு அதிகாரி கேட்கும் நாள் வரும். தோட்டப் பாடசாலைகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தப் பயம் மிகையாகத் தெரியாது. தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஒரே ஆசிரியரும் ஒரே அறையுமாக நடந்த பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்றதே எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்துதான். அதற்குப் பிறகும் கட்டடம் வந்தது, தளபாடம் வந்தது, கணித, விஞ்ஞான ஆசிரியர்தான் கடைசியாக வந்தார், சில இடங்களில் இன்னும் வரவில்லை. நியமனம் கிடைத்தவரும் கஷ்டப் பிரதேச ஆண்டுகளை எண்ணி முடித்ததும் நகரத்துக்கு மாறிப்போகிறார். வெற்றிடத்தை மூட மலிவான மூடி ஒன்று கிடைத்தால் அதிகாரம் அதைத்தான் எடுக்கும். பசறை நகரப் பாடசாலையில் நடந்த பாடத்தின் பதிவை மலைக்கு மேலுள்ள பாடசாலையில் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, ‘பாடம் நடந்தது’ என்று பதிவேட்டில் எழுதுவது நடக்கக்கூடிய காரியம்.

இதற்குப் பதிலாக ‘அப்படி நடக்காது’ என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. செய்யக்கூடியது, அது நடந்தால் மறைக்க முடியாதபடி ஏற்பாட்டை அமைப்பது. பதிவு என்பது அந்த வகுப்பில், அந்த ஆசிரியர், அந்தத் திகதியில் நடத்திய பாடத்தின் பதிவாக மட்டுமே இருக்க வேண்டும். வேறு பாடசாலையின் பதிவு துணைக்கு வரலாம், பாடவேளைக் கணக்கில் சேரக் கூடாது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தரம், பாடம், திகதி, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும். இப்படி ஒரு தவணைக்குக் கோப்புகளை அடுக்கிவைத்தால் யாரும் கேட்காமலேயே இன்னோர் ஆவணம் உருவாகிவிடுகிறது: எந்தப் பாடத்துக்கு எத்தனை வாரமாக ஒரு கோப்புமே இல்லை என்பது. பதிவுக்குச் சம்மதிக்காத ஆசிரியரின் பாடவேளைகளை அதிபர் அந்தப் பட்டியலில் தனியே குறித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்து படிப்பித்தவரும் வராதவராகிவிடுவார்.

தோட்டத்துப் பெற்றோர் ஆசிரியர் இல்லை என்று முறையிட வலயப் பணிமனைக்குப் போகும்போது இதுவரை கொண்டுபோனது வாய்வார்த்தையும் ஒரு மனுவும்தான். ஒருநாள் வேலையை விட்டு, பேர் போடாமல் அன்றைய சம்பளத்தை இழந்து, பஸ் ஏறிப் போய், ‘பார்க்கிறோம்’ என்ற பதிலோடு திரும்புகிறார்கள். ‘நியமனம் நடந்துவிட்டது, ஆசிரியர் இருக்கிறாரே’ என்று அதிகாரி பதிவேட்டைக் காட்டினால் மறுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தவணைக்கொரு தடவை அந்தக் கோப்புப் பட்டியலை அச்செடுத்து, அதிபரின் கையொப்பத்தோடு மேசையில் வைத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். தரம் 10 கணிதம், இரண்டாம் தவணை, பதினோரு வாரம், பதிவு எதுவும் இல்லை. இதற்கு வலயக் கல்விப் பணிப்பாளர் எழுத்தில்தான் பதில் தரவேண்டியிருக்கும்.